கடலின் பிரதிநிதி

அந்தக் கடற்கரையில் சின்னதாக ஓர் அறை கட்டுவதற்கு எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், கடலைத் தவிர. கடலின் ஆட்சேபணையைத் தெரிவித்தவர், கடலோர இயைபு ஆணையத்தின் ஏழாவது மாடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரி. அவர் மேசையில் பித்தளைப் பலகை ஒன்று பளபளத்தது. 'கடலின் பிரதிநிதி' என்று அதில் பொறித்திருந்தது.

அறை ஒன்றும் பெரிய விஷயமில்லை. அங்கே நீரோட்டம் மோசம். விடுமுறை நாளில் குளிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவரைக் கடல் இழுத்துக்கொண்டு போகும். அவர்களை மீட்டுக் கொண்டுவர உயிர்காப்பாளர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் ஒதுங்க இடமில்லை. மிதவையை ஐஸ்கிரீம் வண்டிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இருந்தது. கடைக்காரர் சாப்பிடப் போனால் சிலிண்டரும் பூட்டுக்குள் போய்விடும். கரையேற்றியவரைக் கிடத்த ஒரு கட்டில்கூடக் கிடையாது. நகராட்சி பல வருடம் யோசித்து, ஓர் அறை கட்டிக்கொள்ளுங்கள் என்றது.

ப்ளான் போடும் வேலை வரைபடக்காரருக்கு வந்தது. அவர் பேர் பெற்ற கட்டிடக் கலைஞர் இல்லை. மாடிப்படி, கார் ஷெட், மதில் சுவர், இருக்கிற வீட்டோடு ஒட்டி ஒரு குளியலறை, இப்படித்தான் அவர் பிழைப்பு. உயிர்காப்பாளர்களுக்கு மூத்தவன் அவருடைய மனைவியின் தம்பி.

"மாமா, எங்களுக்கு மாளிகையெல்லாம் வேணாம்" என்றான் மைத்துனன். "தூரத்துல இருந்து பாத்தா தெரியணும். ஓடி வந்தா கதவு திறக்கணும். அவ்வளவுதான்."

வரைபடக்காரர் பல நாள் சாயங்காலம் மணலில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் பேப்பரைத் தொட்டார். சாலையில் நடக்கிறவர்களுக்குக் கடலை மறைக்காதபடி அறையை ஓர் ஓரமாகத் திருப்பினார். காற்று அடித்துக் கொண்டுவரும் மணல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடட்டும் என்று குட்டைத் தூண்களின் மேல் நிறுத்தினார். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நுழையக்கூடிய கதவு, கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், மேலே ஒரு கொடிக்கம்பம். வரைந்து முடித்ததும் அவருக்கே பிடித்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "நண்டு ஒண்ணு காலத் தூக்கி நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். பாராட்டுத்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே. கடற்கரையில் எது கட்டினாலும் இயைபு ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆணையத்தின் கட்டிடம் மணலின் மேலேயே நின்றது. ஏழு மாடி, அத்தனையும் கண்ணாடி. மேல் மாடியில் நீள மேசைக்குப் பின்னால் தலைவர், நிற உறுப்பினர், வடிவ உறுப்பினரான ஓர் அம்மையார், கடைசியில் கடலின் பிரதிநிதி.

"உட்காருங்க" என்றார் தலைவர்.

வரைபடக்காரர் சுற்றிலும் பார்த்தார். உட்கார எதுவும் இல்லை.

"வர்றவங்களுக்கு நாங்க நாற்காலி போடறதில்ல. இயற்கையில நாற்காலி உண்டா?"

வரைபடக்காரரின் பார்வை அவர்கள் சாய்ந்திருந்த சுழல் நாற்காலிகளின் மேல் போனது.

"இது நாற்காலி இல்லைங்க. பதவி" என்றார் தலைவர்.

ப்ளானை மேசையில் விரித்தார்கள். தலைவர் அதைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார். "மனுஷன் ரொம்பக் கட்டிட்டான் தம்பி. கடற்கரைக்கு வர்றவன் கட்டிடத்தையா பாக்க வர்றான்? நல்ல கட்டிடம்னா நல்ல வேலைக்காரன் மாதிரி இருக்கணும். இருக்கான்னே தெரியக்கூடாது."

"அப்ப இந்தக் கட்டிடம், சார்..."

"இது கண்ணாடி. வெளிய இருந்து பாத்தா இதுல கடல்தான் தெரியும். அதனால இது கட்டிடமே இல்ல, கடல். முன்னாடி இங்க வரிசையா குடிசைங்க. வலை, கருவாடு, புள்ளைங்க, ஒரே அலங்கோலம். அதையெல்லாம் அப்புறப்படுத்திட்டுத்தான் இந்தக் கடலை இங்க கட்டினோம்."

நிற உறுப்பினர் கூரையின் மேல் விரலை வைத்தார். "சிவப்பு கடலுக்கு அந்நியம்."

"சாயங்காலம் கடலே சிவப்பாத்தானே சார் இருக்கு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "சாயங்காலம் மட்டும் சிவப்பா இருக்கற பெயின்ட் கிடைக்குமா?"

"கிடைக்காது சார்."

"அப்ப வேணாம். நாள் பூரா பொய் சொல்ற கூரை எதுக்கு?"

வடிவ அம்மையார் பென்சிலால் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். "எங்க பாத்தாலும் நேர்கோடு. இயற்கையில நேர்கோடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

வரைபடக்காரர் வாதம் செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும் காட்டினார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை அடிவானம், அடிக்குச்சி வைத்து இழுத்தது போல. தலைவர் திரும்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவர் போல இருந்தது.

"அது ஆணையம் வர்றதுக்கு முந்தியே இருந்தது. பழைய கட்டுமானத்துல நாங்க கை வைக்கறதில்ல" என்றார்.

கடைசியில் கடலின் கருத்தைக் கேட்டார்கள். பிரதிநிதி கண்ணை மூடினார். எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். "கடலுக்கு இதுல வருத்தம்" என்றார்.

"என்ன வருத்தம்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம் சார்."

"அதை வெளிய சொல்றதுக்கில்ல. கடல் எங்கிட்ட நம்பிக் கொடுத்தது."

திரும்பும்போது, லிஃப்ட் வரை கூட வந்த கடைநிலை ஊழியர் காதில் கிசுகிசுத்தார். "அவரு முன்னாடி மலைக்குப் பிரதிநிதியா இருந்தாரு. குளிரு ஒத்துக்கலைன்னு மாத்தல் வாங்கிட்டு வந்தாரு. இங்க உப்புக்காத்து ஒத்துக்கல. அதான் ஜன்னலத் திறக்கவே விடறதில்ல."

அன்றிலிருந்து வரைபடக்காரர் அந்த ஏழு மாடியும் நடையாக நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது போல அறை தேய்ந்தது. தூண்களின் மேல் நிற்கிற கட்டிடம் கர்வம் பிடித்தது என்றார் அம்மையார்; உட்கார வேண்டும். உட்கார வைத்தார். உட்கார்ந்தால் போதாது, படுக்க வேண்டும் என்றார். படுக்க வைத்தார். இப்போது பாதி மணலுக்கு வெளியே, பாதி மணலுக்கு உள்ளே. "பூமி அதை அணைச்சுக்கற மாதிரி இருக்கு" என்று அம்மையார் கண் கலங்கினார்.

"காத்தடிச்சா மணல் வந்து மூடிக்கும் மேடம்."

"மூடட்டுமே! அதைவிட இயைபு வேற என்ன இருக்கு?"

நிறத்துக்கு மணல் கேட்டார்கள். வரைபடக்காரர் ஈர மணல், காய்ந்த மணல் என்று பாட்டில் பாட்டிலாக அள்ளிக்கொண்டு போனார். நிற உறுப்பினர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எதுவும் மணல் மாதிரியே இல்லையே." பிறகு தலைவர் அறைக்கு அழைத்துப் போய்த் தரை விரிப்பைக் காட்டினார். "இதான் மணல்." கடைசியில் சுவருக்கு அந்தக் கம்பளத்தின் நிறமே முடிவானது.

கொடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் படபடக்கக் கூடாது. பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம், பலகை கம்பள நிறத்தில் இருக்க வேண்டும், எழுத்தும் அதே நிறத்தில். ஜன்னல், கட்டிடம் கடலை முறைப்பது போலத் தெரிவதால் கூடாது.

கதவில் மட்டும் வரைபடக்காரர் எதிர்த்து நின்றார். "கதவாவது தெரியணும் சார். அவசரத்துக்கு ஓடி வர்ற எடம்."

தலைவர் பொறுமையாக விளக்கினார். "கதவுன்னா என்ன தம்பி? இங்க ஒரு கட்டிடம் இருக்குன்னு அந்தக் கட்டிடமே கொடுக்கற வாக்குமூலம். நாம ஏன் மாட்டிக்கணும்? கதவு வைங்க, வேணாங்கல. கைப்பிடி வேணாம், சட்டம் வேணாம், சுவத்தோட சுவரா மணல் பூசிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கேட்டாள், "எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்திருக்கீங்களே, ஏங்க?"

"கதவுக்காக மல்லுக்கு நின்னா ரூமே போயிடும். ஒண்ணுமில்லாததுக்கு ஏதோ ஒண்ணு."

"ரூம் இருந்து கதவு தெரியலைன்னா அதுக்குப் பேரு ரூம் இல்ல. புதையல்."

அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் அவர் ப்ளானைச் சுருட்டிக் கட்டினார்.

அறை எழுந்தது. இல்லை, எழவில்லை, படுத்தது. திறப்பு விழாவோடு ஆணையம் தன் ஆண்டு விருதையும் அந்த அறைக்காகத் தனக்கே கொடுத்துக்கொண்டது. பந்தல், மேடை, ஒலிபெருக்கி. தலைவர் ஒரு மணல்மேட்டின் முன்னால் நின்று கம்பள நிற ரிப்பனை வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"மாமா, நம்ம ரூம் இது இல்ல. அதோ, அந்தப் பக்கம்" என்றான் மைத்துனன்.

"கையத் தட்டு மாப்ள" என்றார் வரைபடக்காரர்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! இந்த ஆணையத்தின் இடைவிடாத உழைப்பால், இங்கே எந்தக் கட்டிடமும் இல்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். எத்தனையோ ஆட்சிகள் கட்டியிருக்கின்றன. கட்டி, இல்லாமல் செய்தவர்கள் நாங்கள்தான்!" அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு ஆணையம் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கும் போய் வந்தது. குடும்பத்தோடு.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், அப்பாவோடு வந்த சிறுமி ஒருத்தியை நீரோட்டம் இழுத்தது. மைத்துனன் நீந்திப் போய்ப் பிடித்துவிட்டான். கரையில் போட்டபோது அவளுக்கு மூச்சில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட இருந்த உயிர்காப்பாளன் ஆக்சிஜன் எடுக்கப் புது அறைக்கு ஓடினான். முந்தின நாளெல்லாம் காற்று. மேடெல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு மேட்டைத் தட்டினான், மணல். இன்னொன்றைத் தட்டினான், சுவர். ஆனால் எந்தப் பக்கச் சுவர்? கையால் பறண்டினான். நகம் பிய்ந்தது. "கதவு எங்கடா? கதவு எங்க?" என்று அவன் கத்துவது தண்ணீர் ஓரம் வரை கேட்டது. இங்கே மைத்துனன் சிறுமியின் மார்பை அழுத்தினான், வாயோடு வாய் வைத்து ஊதினான், மறுபடி அழுத்தினான். பக்கத்தில் மண்டியிட்டிருந்த அப்பா, "ஆக்சிஜன் இருக்குன்னீங்களே, இருக்குன்னீங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சிறுமி இருமினாள். கடல் தண்ணீரைக் கக்கினாள். பிழைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் கதவு அகப்பட்டது.

மைத்துனன் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான். உடம்பெல்லாம் உப்பு.

"மாமா, நீங்க எங்களுக்கு ரூம் கட்டல. எங்க சாமானெல்லாம் வாங்கிப் புதைச்சிட்டீங்க."

வரைபடக்காரர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பினார். மனைவி பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். உயிர்காப்பாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். மணலை வாரித் தள்ளி, மறைந்து கிடந்த கதவைப் பெயர்த்து எறிந்துவிட்டு, அகலமான கதவு ஒன்றைக் கைப்பிடியோடு மாட்டினார்கள். பிறகு அவர் கூரைமேல் ஏறிச் சிவப்பு அடித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து, "இன்னும் கெட்டியா அடிங்க. அந்த ஏழாவது மாடி வரைக்கும் கண்ணு கூசணும்" என்றாள்.

கூசியது. மத்தியானமே ஆணையம் முழுவதும் ஷூக்களுக்குள் மணல் போகாமல் கால் தூக்கித் தூக்கி நடந்து வந்து சேர்ந்தது.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"கூரை சார்" என்றார் வரைபடக்காரர், ஏணியின் மேலிருந்தே. இடிக்கட்டும், வழக்குப் போடட்டும், எதற்கும் தயாராக இருந்தார்.

"கூரையா? எந்தக் கட்டிடத்தோட கூரை?"

"இந்தக் கட்டிடத்தோட."

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் நிற உறுப்பினர் அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். அவர் சொன்னது காற்றில் எல்லாருக்கும் கேட்டது. "சார், கட்டிடம் இருக்குன்னு சொல்லிட்டா விருதைத் திருப்பிக் கொடுக்கணும். மாநாட்டுல வேற, கட்டிடமே இல்லைன்னு பேசிட்டு வந்திருக்கோம்."

தலைவர் திரும்பி வந்தார். இப்போது முகத்தில் சாந்தம். ஒரு விரலால் சுவரோரம் வழிந்திருந்த சிவப்பைத் தொட்டார். பெயின்ட் காயவில்லை, விரலில் ஒட்டியது. விரலை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார்.

"மகரந்தம்" என்றார்.

"பருவகாலச் சிவப்பு" என்றார் அம்மையார். "இப்படி அபூர்வமாத்தான் பூக்கும்."

கடலின் பிரதிநிதி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே கண்ணை மூடினார். கடலுக்கு மகிழ்ச்சி என்றார்.

"சார், நான் காலையில அடிச்ச பெயின்ட் சார் அது!" என்று வரைபடக்காரர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, இயற்கை செஞ்சதுக்கெல்லாம் மனுஷன் உரிமை கொண்டாடக் கூடாது. அந்த அகம்பாவத்தாலதான் உலகம் இப்படிக் கெட்டுப் போச்சு."

இடித்திருந்தாலாவது நிம்மதி. அவர்கள் பாதுகாத்தார்கள். அந்த வார முடிவுக்குள் சிவப்பு மேட்டைச் சுற்றிக் கம்பம் நட்டுத் தடித்த கயிறு கட்டிவிட்டார்கள். இயற்கை அதிசயம், யாரும் உள்ளே போகக் கூடாது. உயிர்காப்பாளர்களும்தான். "இயற்கைக்குள்ள போயி துணி மாத்துவீங்களா?" என்று தலைவர் கேட்டார். காவலுக்கு ஒருவரைப் போட்டார்கள். அவர் நல்ல மனிதர். உயிர்காப்பாளர்கள் கயிற்றுக்கு அடியில் குனியும்போது ஆகாயத்தைப் பார்த்துக்கொள்வார். ஊரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்து கதவும் கைப்பிடியும் உள்ள அந்த இயற்கை அதிசயத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் பிரதிநிதியைக் கீழே இறக்கினார்கள். அதிசயத்தின் முன்னால் கடல் சார்பில் அவர் வரவேற்புரை வாசித்தார். முடிந்ததும் ஒரு விருந்தினர், கடலும் பிரதிநிதியுமாகச் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்றார். பிரதிநிதி தயங்கினார். தலைவர் முறைத்தார். ஷூவைக் கழற்றிப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் தண்ணீருக்குள் நடந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சாதாரண ஜனங்களுக்குச் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் பின்னால!" என்றார் படமெடுத்தவர்.

போனார். ஓர் அலை வந்து அவர் முட்டியைத் தட்டியது. அடுத்தது அவரைக் கூட்டிக்கொண்டு போனது. காப்பாத்துங்க என்று அவர் கத்தவில்லை. "நான் ஆணையம்! நான் ஆணையம்!" என்று கத்தினார். கடல் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மைத்துனன் வேலிக் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாய்ந்தான். மறு முனையை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்; கூட்டத்தில் நின்றிருந்த வரைபடக்காரரும் ஓடி வந்து பிடித்தார். பிரதிநிதி மைத்துனனின் கழுத்தை நெரித்தார், காதைப் பிடித்து இழுத்தார், தலையில் ஏறி நிற்கப் பார்த்தார். அப்படியும் இழுத்து வந்துவிட்டார்கள். நேரே சிவப்புக் கூரைக்கு அடியில் தூக்கிப் போய்க் கட்டிலில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார்கள். கதவு ஒரு தள்ளலில் திறந்தது.

தலைவர் வேலிக் கம்பத்துக்கு வெளியே நின்று, "உள்ள போகாதீங்க! மகரந்தம் உதிர்ந்துடும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து வரைபடக்காரரையும் மைத்துனனையும் ஏழாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். மைத்துனன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். "ஒரு நன்றி சொல்லுவாங்க போல மாமா" என்றான்.

பிரதிநிதி சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்கிக்கொண்டு அவரே புகாரை வாசித்தார். கடலின் இயல்பான செயல்பாட்டில் மனிதத் தலையீடு செய்தது. ஆணையத்தின் கயிற்றை அவிழ்த்தது.

மைத்துனனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "சார், உங்களத்தானே சார் காப்பாத்தினோம்?"

"தனிப்பட்ட முறையில ரொம்ப நன்றி" என்றார் பிரதிநிதி. "என் வீட்டுலயும் உங்களை விசாரிச்சாங்க. ஆனா இங்க நான் நானா உட்காரல. கடலா உட்கார்ந்திருக்கேன். கடல் ஒரு முடிவு எடுத்து அதைச் செயல்படுத்திட்டு இருந்தது. நடுவுல நீங்க யாரு?"

"சட்டப்படி கடல் பக்கம்தான் நியாயம்" என்றார் தலைவர். "ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. இனிமே இப்படி நடக்காதுன்னு ஒரு உறுதி கொடுத்துட்டுப் போங்க. விட்டுடறோம்."

வரைபடக்காரர் மேசையை நோக்கி ஓரடி வைத்தார். இத்தனை நடையிலும் வராத கோபம் மொத்தமாக வந்துவிட்டது. மைத்துனன் அவர் தோளைத் தொட்டு அமர்த்தினான். மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக, நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறவன் போலப் பார்த்தான்.

"கொடுத்துடறேன் சார்" என்றான். "மத்த ஜனங்க விஷயத்துல எங்களால முடியாது, அது எங்க பொழப்பு. ஆனா உங்க நாலு பேர்ல யாரைக் கடல் எடுத்துட்டுப் போனாலும், சத்தியமா நாங்க குறுக்க வரமாட்டோம். கரையில நின்னு மரியாதையாப் பாத்துட்டு இருப்போம்."

நிற உறுப்பினர் நிறம் மாறினார். பிரதிநிதி இத்தனை காலத்தில் முதல் தடவையாக நாற்காலியைச் சுழற்றி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆணையத்திலிருந்து ஒருவரும் அலைப் பக்கம் கால் வைக்கவில்லை. கயிற்றைத் திருப்பிக் கேட்கவும் ஆள் வரவில்லை. வரைபடக்காரர் மெல்ல மெல்ல அறையை மணலிலிருந்து தூக்கித் தூண்களின் மேல் நிறுத்திவிட்டார். கடலைப் பார்த்து ஒரு ஜன்னலும் வைத்துவிட்டார். கொடி படபடக்கிறது. ஆணையம் இப்போது நீர்நிலை இயைபு ஆணையம் என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஊருக்குள் இருக்கும் குளங்களைக் கவனித்து வருகிறது. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத குளங்களாகப் பார்த்து.